இருகதவுக் கூப்பே மகிழுந்தைத் தேர்ந்தெடுத்தல்

கூப்பே என்பது நிலையான கூரையும், இரண்டு பக்கக் கதவுகளும், பின்புறம் நோக்கிச் சரிந்து இறங்கும் உடலமைப்பும் கொண்ட மகிழுந்து வகையாகும். பிரெஞ்சு மொழியில் ‘வெட்டப்பட்டது’ என்பது இச்சொல்லின் பொருள். எதிரெதிராக இருக்கைகள் கொண்ட நீண்ட குதிரை வண்டியில் முன்பாதியை வெட்டி எடுத்து, இருவர் மட்டும் அமரும்படி செய்த வண்டிக்கு முதலில் இப்பெயர் இருந்தது; பின்னர் அது மோட்டார் வண்டிக்கு வந்தது. கூரையை மடக்கவோ கழற்றவோ முடிந்தால் அது கூப்பே அல்ல. கன்வெர்ட்டிபிள் அல்லது ரோட்ஸ்டர் எனப்படும்.

வேலைக்குச் செல்லவோ குடும்பத்தோடு பயணிக்கவோ இவ்வகை வண்டியை வாங்குவோர் குறைவு. ஓட்டும் இன்பத்துக்காகவே இது வாங்கப்படுகிறது. எனவே எந்தச் சாலையில் ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தே தேர்வு அமைய வேண்டும். திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில், பட்டிவீரன்பட்டிக்கு அருகில் உள்ள சேவுகம்பட்டி பேரூராட்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அத்தேர்வை விளக்குகிறது. சமவெளியின் விளிம்பில், பழனி மலைத்தொடரின் அடியில் இருக்கும் இவ்வூரிலிருந்து இரண்டு மலைப்பாதைகள் எட்டும் தூரத்தில் உள்ளன. ஒன்று, வத்தலக்குண்டு, காட்ரோடு, டம்டம் பாறை, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் செல்லும் பெருவழி. மற்றொன்று, சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் குறுகலான காப்பித் தோட்டச் சாலை. ஓய்வுநாள் ஓட்டத்துக்கு இவற்றைவிடச் சிறந்த சாலைகள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆனால் ஒரு கூப்பேவின் குறைகளை இவற்றைவிட வேகமாக வெளிக்கொண்டுவரும் சாலைகளும் அதிகம் இல்லை.

பெயரும் பொருளும்

அண்மைக் காலத்தில் ‘கூப்பே’ என்ற பெயர் விற்பனைச் சொல்லாக மாறிவிட்டது. 2024இல் வெளிவந்த டாடா கர்வ், அதே ஆண்டில் வந்து திருவள்ளூர் ஆலையில் தயாராகும் சிட்ரோவன் பசால்ட் ஆகிய இரண்டும் கூப்பே என்றே விளம்பரப்படுத்தப்பட்டன. இரண்டுக்கும் பயணிகளுக்கான கதவுகள் நான்கு. சென்னைக்கு அருகில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பொருத்தப்பட்டு 2020இல் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ 2 சீரீஸ் கிரான் கூப்பேவும் நான்கு கதவு வண்டியே. கூரை பின்னால் சரிவதால் மட்டும் இப்பெயர் சூட்டப்படுகிறது. வாங்குபவர் இதை ஏமாற்று என்று கருத வேண்டியதில்லை. சரிந்த கூரையின் அழகு மட்டுமே வேண்டும் என்போருக்கு இவை மலிவான, வசதியான வழி. ஆனால் தாழ்வான இருக்கை, குறைந்த எடை, இறுக்கமான உடல் ஆகியவை தரும் ஓட்ட உணர்வை இவற்றில் எதிர்பார்க்கக் கூடாது.

இந்தியாவில் இருகதவு வண்டிகள்

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இருகதவுக் கார் புதியதல்ல. சென்னை வண்டலூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி பிரித்தானியாவின் டிரையம்ப் நிறுவனத்துக்காக வரைந்த வண்டி அது. பிரித்தானியாவில் 1959இல் கூப்பே வடிவிலும் அது விற்கப்பட்டது. சென்னையில் உருவானது இருகதவு சலூன். 948 கன சென்டிமீட்டர் என்ஜின், ஏறத்தாழ 35 குதிரைத்திறன். முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். என்ஜினின் எந்தப் பகுதியையும் நின்றபடியே தொடலாம். திரும்பும் வட்டம் சுமார் 25 அடி மட்டுமே. இன்றைய பெரிய கூப்பேக்கள் பலவற்றுக்கு இது 36 அடிக்கு மேல் தேவைப்படுகிறது. கொண்டை ஊசி வளைவில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

ஹெரால்டின் பிற்பகுதி வரலாறு இன்றைக்கும் பயன்படும் ஒரு செய்தியைச் சொல்கிறது. 1960களின் பிற்பகுதியில் வந்த மூன்றாம் வடிவத்தில் நிறுவனம் நான்கு கதவுகளை வைத்தது. வேறெந்த நாட்டிலும் நான்கு கதவு ஹெரால்டு தயாரிக்கப்படவில்லை. பாட்டியும் பேரக்குழந்தைகளும் முன் இருக்கையை மடக்கிப் பின்னால் நுழைய வேண்டிய கார், இந்தியக் குடும்பத்தில் நெடுநாள் நிற்பது கடினம்.

பின்னர் வந்த முயற்சிகள் சில. பெங்களூரின் சான் மோட்டார்ஸ் 1998இல் சான் ஸ்டார்ம் என்னும் இருவர் அமரும் திறந்த வண்டியை வெளியிட்டது. கண்ணாடியிழை உடல், ரெனோவின் 1.2 லிட்டர் என்ஜின், 60 குதிரைத்திறன் என்ற எளிய கட்டமைப்பு கொண்டது அது. 2012 டெல்லி வாகனக் கண்காட்சியில் டி.சி. அவந்தி என்ற இருகதவு விளையாட்டுக் கூப்பே காட்டப்பட்டது. இரண்டும் பரவலாக விற்பனையாகவில்லை. எனவே இன்று உண்மையான கூப்பே வேண்டுவோர் பெரும்பாலும் இறக்குமதி வண்டியையோ பழைய வண்டியையோதான் நாட வேண்டியுள்ளது. 2016இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங், பழைய ஆடி டி.டி., பி.எம்.டபிள்யூ எம்2, போர்ஷே 718 கேமன் ஆகியவை இவ்வரிசையில் அடிக்கடி பேசப்படுபவை.

தரை இடைவெளி: முதல் சோதனை

குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையிலான உயரம். இந்தியச் சாலைகளுக்கான சாதாரண கார்களில் இது 16 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். கூப்பேக்களில் 11 முதல் 14 சென்டிமீட்டர் என்பதே பொதுவான அளவு.

இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லாக அமைய வேண்டும். இத்தகைய தடையைக் கூப்பே தாராளமாகக் கடக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.7 மீட்டர் இருந்தால், நான்கு சக்கரங்களும் தடையின் மேல் நிற்கும்போது நடுவில் அது எழும்பும் உயரம் ஐந்தரை சென்டிமீட்டர்தான். ஆனால் ஊர்ப்புறத் தெருக்களில் விதிப்படி அமையாத தடைகளும் உண்டு. அரை மீட்டர் அகலத்தில், ஒரு சாண் உயரத்துக்குத் திடீரென எழும்புபவை அவை. அத்தகைய தடை முழுவதும் இரு சக்கரங்களுக்கும் நடுவே வந்துவிடும்; அப்போது அதன் முழு உயரமும் வண்டியின் வயிற்றில் இடிக்கும். வேகத்தைக் குறைத்தாலும் பயனில்லை, ஏனெனில் இது வேகம் தொடர்பானதல்ல, வடிவியல் தொடர்பானது.

வாங்கும் முன் இதை ஒரு நூல் துண்டைக் கொண்டே சோதித்துவிடலாம். வண்டியின் சக்கர இடைத்தூரத்துக்குச் சமமான நீளத்தில் நூலை வெட்டிக்கொள்ள வேண்டும். இருவர் அதன் இரு முனைகளையும் பிடித்து, தரையிலிருந்து வண்டியின் தரை இடைவெளி அளவு உயரத்தில் விறைப்பாக வைத்தபடி, வீட்டு வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரையுள்ள ஒவ்வொரு வேகத்தடையின் மீதும் மெல்ல நகர வேண்டும். நூல் எங்கெல்லாம் தடையைத் தொடுகிறதோ அங்கெல்லாம் வண்டியும் தொடும். ஆட்கள் ஏறினால் வண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கும் என்பதால், நிறுவனம் சொல்லும் அளவிலிருந்து அதைக் கழித்துக்கொள்வது நல்லது. தெருவில் நூலோடு நடப்பதைப் பார்ப்பவர்கள் சிரிக்கலாம். அரைக்கோடி ரூபாய் வண்டி முதல் நாளே வாசல் முன் மாட்டிக்கொண்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள்.

வீட்டு வாசல் சரிவும் கவனிக்கத்தக்கது. கூப்பேவின் மூக்குப் பகுதி முன்சக்கரத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்னால் நீண்டிருக்கும். அதன் உயரம் 12 சென்டிமீட்டர் என்றால், எட்டுக்கு ஒன்று என்ற வீதத்தைவிடச் செங்குத்தான சரிவில் மூக்கு முதலில் தரையில் உரசும். சாக்கடைக்கு மேல் போட்ட வாசல் சரிவுகள் பலவும் ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் இருப்பவை. வாசலைத் திருத்திக் கட்ட முடியும். ஊர்ச் சாலையை அவ்வாறு மாற்ற முடியாது. சில உயர்விலை வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் மூக்கு சில சென்டிமீட்டர் உயரும் வசதி உண்டு. சேவுகம்பட்டி போன்ற ஊரில் வசிப்பவருக்கு அது ஆடம்பரம் ஆகாது.

மலைப்பாதையில் என்ஜினும் பிரேக்கும்

சேவுகம்பட்டிப் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். உயரம் கூடக்கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத என்ஜின் கடல் மட்டத்தில் தரும் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொடைக்கானலில் இழக்கும். டர்போ கொண்ட என்ஜின் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால் இந்த இழப்பு பெரிதும் குறையும். ஆகவே விளம்பரத்தில் சமமான குதிரைத்திறன் கொண்ட இரண்டு வண்டிகள் பெருமாள்மலையைத் தாண்டும்போது சமமாக இருப்பதில்லை.

மலையில் உச்சபட்சத் திறன் அரிதாகவே பயன்படும். வளைவுக்கு வளைவு வேகம் 20க்கும் 45க்கும் இடையில் ஏறி இறங்கும். அங்கே தேவைப்படுவது, என்ஜின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் முறுக்குவிசை. 1,500 முதல் 2,000 சுழற்சியிலேயே போதிய விசை தரும் 180 குதிரைத்திறன் வண்டி, 6,000 சுழற்சிக்கு மேல்தான் உயிர்பெறும் 300 குதிரைத்திறன் வண்டியைவிட இம்மலைகளில் இனிமையாக ஓடும். எடையும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

கியர் அமைப்பில் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கி கியர் பெட்டிகள் திறந்த சாலையில் மிக விரைவாக மாறும். ஆனால் விடுமுறை நாளில் பேருந்துக்குப் பின்னால் ஓர் அடி நகர்ந்து, நின்று, மீண்டும் ஏற்றத்தில் நகரும்போது கிளட்ச் சூடேறும். எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை விரைவில் சூடேறி எச்சரிக்கை விளக்கைக் காட்டும். ஏற்றத்தில் வண்டியைப் பின்வாங்காமல் பிடித்துவைக்க ஆக்சிலேட்டரை மிதிப்பது இதற்கு முதல் காரணம். பிரேக்கை மிதித்தே நிறுத்த வேண்டும்.

இறக்கத்துக்கு இதைவிட அதிகக் கவனம் வேண்டும். 1,600 கிலோ எடையுள்ள வண்டி கொடைக்கானலிலிருந்து 1,800 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவிடும் நிலை ஆற்றல் ஏறத்தாழ 28 மெகா ஜூல். 30 டிகிரி வெப்பத்தில் உள்ள சுமார் 95 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பினால் இந்த வெப்பத்தில் பெரும்பகுதி நான்கு பிரேக் வட்டுகளில் இறங்கும். பிரேக் எண்ணெய் பழையதாகி ஈரம் ஏறியிருந்தால் கொதித்து, மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய லாரி ஓட்டுநர் வழக்கம் கூப்பேவுக்கும் பொருந்தும். தானியங்கி வண்டி வாங்குவோர், கியரைத் தாமே தாழ்த்திப் பிடிக்கும் வசதி இருக்கிறதா, அது தானாக மேலே மாறிவிடாமல் நிற்கிறதா என்று ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும். மின்சார வண்டிகளில் மோட்டாரே தடையாகச் செயல்பட்டு இந்த ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பும். 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எம்.ஜி. சைபர்ஸ்டர் என்னும் திறந்த கூரை இருகதவு வண்டி இவ்வகையைச் சேர்ந்தது. மலை உச்சியிலேயே மின்கலத்தை முழுதாக நிரப்பிக்கொண்டு இறங்கினால், திரும்பும் மின்சாரத்துக்கு இடமிருக்காது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

குறுகிய ஏற்றத்தில் எதிரெதிரே வரும்போது மேலே ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் விதி. தாண்டிக்குடிச் சாலையில் வாழைத்தாரும் காப்பியும் ஏற்றி இறங்கும் வண்டிகள் இதை எப்போதும் கடைப்பிடிக்கும் என்று நம்பிவிட முடியாது. நீண்ட பானட்டும் தாழ்ந்த இருக்கையும் கொண்ட வண்டியைப் பின்னோக்கி நகர்த்தி ஒதுங்க வேண்டிவரும். பின்கண்ணாடி சிறிதாகவும், முன்கண்ணாடியின் ஓரத் தூண்கள் தடித்தும் இருக்கும் கூப்பேக்களில் இது எளிதன்று. சோதனை ஓட்டத்தின்போது விற்பனையாளர் நேர்ச்சாலையில் வேகம் காட்டவே விரும்புவார். அதை விடுத்து, 50 மீட்டர் தூரம் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது அதிகம் சொல்லும்.

மாலைக்குப் பின் கொடைக்கானல் பகுதிச் சாலைகளில் காட்டுமாடுகள் நிற்பதுண்டு. தாழ்ந்த வண்டி அதன் கால்களில் மோதினால், ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள உடல் முன்கண்ணாடி மீது விழும். எனவே இருட்டிய பின் இவ்வண்டியில் மலையேறாமல் இருப்பதே தகும்.

டயர்

19, 20 அங்குல வட்டுகளில் ஒல்லியான பக்கச் சுவர் கொண்ட டயர்கள் அழகாக இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் டயரோடு வட்டும் வளையும். ஒரே மாதிரியில் 17 அல்லது 18 அங்குல வட்டு கிடைக்குமானால் அதையே கேட்டு வாங்க வேண்டும். பல கூப்பேக்களில் ஸ்டெப்னி கிடையாது. பசை அடைக்கும் டப்பாவும் சிறு காற்று இயந்திரமும்தான் தருவார்கள். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அவை உதவா. மதுரையிலோ கோவையிலோ அந்த அளவு டயர் இருப்பில் கிடைக்கிறதா என்பதை முன்பே கேட்டறிவது நல்லது.

விலையும் வரியும்

2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள சரக்கு மற்றும் சேவை வரி விகிதப்படி, நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1,200 அல்லது டீசலில் 1,500 கன சென்டிமீட்டருக்குள் என்ஜினும் கொண்ட கார்களுக்கு 18 விழுக்காடு. மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 விழுக்காடு. முழு வண்டியாக இறக்குமதியாகும் கூப்பேக்களுக்கு இதற்கு முன்பே கனத்த சுங்க வரி சேர்ந்திருக்கும். இவற்றோடு, 2023இல் திருத்தப்பட்ட தமிழ்நாட்டு ஆயுள் கால சாலை வரி 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு விலையில் 20 விழுக்காடு. 60 லட்ச ரூபாய் வண்டிக்கு 12 லட்சம் சாலை வரியாகவே போகும். அந்தப் பணத்தில் குடும்பத்துக்கு ஒரு நல்ல நான்கு கதவுக் கார் வாங்கலாம் என்பதால், வீட்டில் எழப்போகும் வாதத்துக்கும் முன்கூட்டியே விடை வைத்திருக்க வேண்டும்.

வரிக்கு அஞ்சி வேறு மாநிலப் பதிவெண்ணோடு பழைய வண்டி வாங்குவது பரவலான வழக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, வண்டி 12 மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைக்கப்பட்டால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அப்போது வண்டியின் வயதுக்கேற்பக் குறைக்கப்பட்ட வரியைச் செலுத்த வேண்டும். தடையின்மைச் சான்று கையில் வருமுன் முழுத் தொகையையும் கொடுத்துவிடக் கூடாது. பழைய கூப்பேவில் அடித்தட்டு உரசல், வட்டு வளைவு, மழைநீர் புகுந்த தடம் ஆகியவற்றைத் தூக்கி நிறுத்தித்தான் பார்க்க முடியும்.

மாற்று வழிகள்

ஓட்டும் இன்பமும் இரண்டு கதவும் போதும், தாழ்ந்த உடல் கட்டாயமில்லை என்போர் மகிந்திரா தார் மூன்று கதவு வண்டியைப் பார்க்கலாம். 2020இல் வந்த இதன் தரை இடைவெளி 226 மில்லி மீட்டர். நூல் சோதனையே தேவைப்படாது. வளைவுகளில் இது கூப்பே போல ஒட்டி ஓடாது, உடல் சாயும். ஆனால் தாண்டிக்குடிச் சாலை மழையில் பெயர்ந்து கிடக்கும் நாளிலும் போய்வரும். மினி கூப்பரின் மூன்று கதவு வடிவம் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. கூப்பே அல்ல என்றாலும் குட்டையான உடல், சிறிய திரும்பும் வட்டம், துடிப்பான ஓட்டம் ஆகியவற்றால் கொண்டை ஊசி வளைவுகளுக்கு இது மிகவும் ஏற்றது.

400, 500 குதிரைத்திறன்தான் வேண்டும் என்போருக்கு அதைப் பயன்படுத்தும் இடம் பொதுச் சாலை அல்ல. தைப்பூசக் காலத்தில் பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் திண்டுக்கல் மாவட்டச் சாலைகளின் ஓரத்தை நிறைத்திருப்பர். மற்ற நாட்களில் மாட்டு வண்டியும், பள்ளி விட்டு வரும் சைக்கிள்களும் உண்டு. கோவை செட்டிபாளையத்தில், பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரிவர்தன் பெயரில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீடுவே, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் ஆகிய இரண்டும் அதற்கென உள்ளவை.

அனுமதியும் பராமரிப்பும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025இல் வேலை நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. சனி, ஞாயிறுகளில் காட்ரோட்டிலிருந்து மேலே வரை வரிசையில் ஊர்வதற்குக் கூப்பே தேவையில்லை. பணி ஓய்வு பெற்றோருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு: செவ்வாய், புதன் காலை ஆறு மணிக்கு அடிவாரத்தைக் கடந்தால் சாலை ஏறத்தாழ அவர்களுக்கே சொந்தம். அதே பணி ஓய்வு பெற்றோர், தரையிலிருந்து அரை மீட்டர் கூட உயராத இருக்கையிலிருந்து முழங்காலை மடக்கி எழ முடிகிறதா என்பதைக் காட்சியகத்திலேயே ஐந்தாறு முறை ஏறி இறங்கிப் பார்த்துவிட வேண்டும். கூப்பேவின் கதவு நீளமானது. அகலத் திறக்க இடமில்லாத கொட்டகையில் அது பாதிதான் திறக்கும், அப்போது இறங்குவது இரட்டிப்புக் கடினம்.

வாரம் ஒருமுறை ஓடும் வண்டியில் மின்கலம் வடிவதும், ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையாவதும் இயல்பு. மின்கலத்தை நிலைநிறுத்தும் சிறு சார்ஜரைப் பொருத்திவைப்பதும், டயரில் காற்றை அளவில் வைத்து வாரந்தோறும் சற்றே நகர்த்தி நிறுத்துவதும் போதும். தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எலி, வண்டிக்குள் புகுந்து ஒயர்களைக் கடித்துவிடும். பானட்டுக்குள் எலி வலை பொருத்தி, நெல், கடலை மூட்டைகளை அதே கொட்டகையில் அடுக்காமல் இருந்தால் பெரும்பாலும் தப்பலாம்.